மூடி வச்ச ஒரிஜினலா, கழட்டிக் காட்டுன ரீஃபினிஷா? பழைய ஜாஸ் பேஸ் ஆன்லைன்ல வாங்குறப்ப

ரொம்ப நாளா ஒரு பிரீ-சிபிஎஸ் ஃபெண்டர் ஜாஸ் பேஸ் கிட்டார் தேடிட்டு இருந்தேன், அதாவது 1965 ஜனவரில ஃபெண்டர் கம்பெனிய சிபிஎஸ்ங்கிற அமெரிக்க டிவி-ரேடியோ கம்பெனி வாங்குறதுக்கு முன்னாடி செஞ்சது. தேடித் தேடி கடைசில ரெண்டு விளம்பரம் மிஞ்சுச்சு, ரெண்டுலயும் 1964ன்னுதான் போட்டிருந்துச்சு. முதல்ல உள்ளது சன்பர்ஸ்ட் (நடுவுல வெளிச்சமா, ஓரத்துல கருமையா போற பெயிண்ட்), 'எல்லாமே ஒரிஜினல்', போட்டோவ விட்டு கண்ண எடுக்க மனசு வராது. ரெண்டாவது, யாரோ எப்பவோ பழைய பெயிண்ட்ட சுரண்டிட்டு கருப்பு அடிச்சு விட்டது, அதான் ரீஃபினிஷ், கம்பிய முறுக்குற ட்யூனர் மாத்தியாச்சு, ஒரு பாட் (நாப்புக்கு அடியில சத்தத்த கூட்டிக் குறைக்கிற பார்ட்) மாத்தியாச்சு, இதையெல்லாம் விக்கிறவரே முதல் வரிலயே எழுதிட்டாரு. நான் வாங்கினது கருப்பு. அதனால கீழ எழுதுறது கொஞ்சம் கருப்பு பக்கமே சாயும், முன்னாடியே சொல்லிடுறேன்.

வெளியில இருந்தே தெரியுற விஷயத்துல ரெண்டும் பாஸ். ஜாஸ் பேஸ் 1960ல வந்தப்ப ரெண்டு ஜோடி நாப், ஒவ்வொரு ஜோடியும் ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கினது, அப்புறம் 1962 வாக்குல மூணு நாப் ஆச்சு. நெக்ல (கம்பி ஓடுற நீள மரத்துல) பைண்டிங்ங்கிற ஓரப் பட்டை, இடம் காட்ட பதிக்கிற பெரிய கட்டமான பிளாக் இன்லே எல்லாம் 1965-66 வாக்குல வந்தது. அப்ப 1964க்கு மூணு நாப், புள்ளி இன்லே, பைண்டிங் கிடையாது. இது தப்பா இருந்தா விளம்பரத்த மூடிட்டு போயிடலாம், சரியா இருந்தா ஒண்ணும் நிரூபணம் ஆகல, அவ்ளோதான். இன்டர்நெட் இருக்குற எவனுக்கும் இது தெரியும், போலி பண்றவனுக்கு இன்னும் நல்லாவே தெரியும்.

சன்பர்ஸ்ட் விக்கிறவர் பெருசா நம்பினது பின்னாடி இருக்குற நெக் ப்ளேட்ட. எல்-ல ஆரம்பிக்குற சீரியல் நம்பர், 1963ல இருந்து 1965 வரைக்கும் வந்தது, க்ளோசப் போட்டோ விதவிதமா போட்டிருந்தாரு. ஆனா அந்த ப்ளேட் நாலு ஸ்க்ரூல நிக்குற ஒரு இரும்புத் தகடு, கார் நம்பர் ப்ளேட்ட கழட்டி வேற கார்ல மாட்டுற மாதிரி யார் வேணா எதுலயும் மாட்டலாம். பழைய ப்ளேட் மட்டும் தனியா வித்துட்டுதான் இருக்காங்க. அதுக்கும் மேல, ஃபேக்டரிலயே நம்பர் வரிசைப்படி போகல, டப்பாக்குள்ள கை விட்டு வந்தத எடுத்து மாட்டினாங்க, அதனால நம்பர் ஒரு வருஷத்த உறுதியா சொல்லவே சொல்லாது, சுமாரா இந்தக் காலம்னு சொல்லும், அதுவும் அந்த ப்ளேட் அந்த பேஸோட பொறந்ததா இருந்தா.

இங்க இன்னொரு சிக்கல். 1982ல ஃபெண்டரே பழைய மாடல்கள அதே மாதிரி மறுபடி செஞ்சு ரீஇஷ்யூன்னு போட ஆரம்பிச்சாங்க, அமெரிக்காலயும் ஜப்பான்லயும். அந்த ரீஇஷ்யூக்கே இப்ப நாப்பது வயசு தாண்டிருச்சு. நிஜமாவே வாசிச்சு நிஜமாவே தேஞ்சது, யாரும் சாண்ட்பேப்பர் போட்டு பழசாக்கணும்னு அவசியமே இல்ல. அதுல ஒரு எல் ப்ளேட்ட மாட்டி, நாப்பையும் ட்யூனரையும் பழசா போட்டா, முன்னாடி இருந்து எடுத்த போட்டோல கண்டுபிடிக்கிறது கஷ்டம். தேய்மானத்த வச்சு முடிவு பண்றவங்க மாட்டுறது இங்கதான்.

அதனால எனக்கு எல்லாமே ஒரு இடத்துல வந்து நின்னுச்சு: நெக்க கழட்டின போட்டோ இருக்கா இல்லையா.

கருப்பு விக்கிறவர் கேக்காமலே போட்டிருந்தாரு. நெக் ஹீல்ல, பாடிக்குள்ள மறஞ்சு உக்காருற அந்த மரத்து மேல, மங்கலா ஒரு ரப்பர் ஸ்டாம்ப்: 7 ஏப்ரல் 64 ஏ. 1962க்கு முன்னாடி பென்சில்ல எழுதுவாங்க, அப்புறம் ஸ்டாம்ப். நிறைய பேர் இத ஏப்ரல் ஏழாம் தேதின்னு படிக்கிறாங்க, அது தேதி இல்ல, 7ங்கிறது ஜாஸ் பேஸோட மாடல் கோடு, பிரெசிஷன் பேஸ்னா 5. கடைசி எழுத்து நட் (நெக்கோட மேல் முனைல கம்பி உக்காருற சின்னக் கட்டை) கிட்ட நெக்கோட அகலம், ஏ-ன்னா ஒல்லி, சி-ன்னா பிரெசிஷனோட அகலமான நெக். ஜாஸ் பேஸ்னு சொல்லிட்டு ஹீல்ல 5-ம் சி-யும் இருந்துச்சுன்னா நெக் வேற இடத்துல இருந்து வந்திருக்கு. மை எப்படி இருக்குன்னும் பாக்கணும், பழைய மை மரத்தோட நரம்புக்குள்ள இறங்கி ஓரம் கொஞ்சம் கசிஞ்சிருக்கும், நேத்து அடிச்ச மாதிரி மேல மிதந்துட்டு இருக்காது.

ஸ்டாம்ப் மட்டும் இருந்தா போதாது, அதையும் அடிச்சுக்கலாம். அது கூட மத்ததெல்லாம் ஒத்துப் போகுதாங்கிறதுதான் விஷயம். நாப் எல்லாம் மாட்டியிருக்குற கண்ட்ரோல் ப்ளேட்ட தூக்கினா பாட் முதுகுல ஒரு நம்பர் இருக்கும். 304ன்னா ஸ்டாக்போல் கம்பெனி, 137ன்னா சிடிஎஸ், அதுக்கு அடுத்த ரெண்டு இலக்கம் வருஷம், அதுக்கு அடுத்தது வாரம். கருப்புல ரெண்டு பாட் 304 6406, அதாவது 1964 ஆறாவது வாரம், பிப்ரவரி, ஏப்ரல் நெக்குக்கு சரியா பொருந்துது. மூணாவது 137ல ஆரம்பிச்சு 78ன்னு வருஷம், அதான் அவர் மாத்தினதுன்னு சொன்ன பாட். பாட் தேதி நெக்குக்கு முன்னாடி இருந்தா பயப்பட வேணாம், ஃபெண்டர் 1966ல மொத்தமா வாங்கிப் போட்ட பாட் 1969 பேஸ்ல எல்லாம் இருக்கு. நெக்குக்கு ரொம்ப பின்னாடி இருந்தா ஏன்னு கேக்கணும். வயர ஒட்டின சால்டரையும் கவனிங்க, பழையது மங்கி சாம்பலா இருக்கும், மேல மறுபடி சூடு பட்டிருந்தா பளபளப்பு வித்தியாசம் போட்டோலயே தெரியும், அந்தக் காலத்து வயருக்கு மேல பிளாஸ்டிக் கிடையாது, துணி உறைதான்.

அப்புறம் ஆணி ஓட்டை. எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் இது. 1964 கடைசி வாக்கு வரைக்கும் ஃபேக்டரில பாடில சின்ன சின்ன ஆணி அடிச்சு, பெயிண்ட் அடிக்கிறப்பவும் காய வைக்கிறப்பவும் பாடி எதுலயும் ஒட்டாம அந்த ஆணி மேல நிக்க விடுவாங்க, பெயிண்ட் அடிச்சு முடிச்சப்புறம் ஆணிய பிடுங்கிடுவாங்க. அதனால ஒரிஜினல் ஃபினிஷ்ல பிக்கார்டுக்கும் (பாடில கீறல் விழாம மூடுற தகடு) கண்ட்ரோல் ப்ளேட்டுக்கும் அடியில ஓட்டை இருக்கும், ஓட்டைக்குள்ள பெயிண்ட் இருக்காது, வெறும் மரம் தெரியும். ரீஃபினிஷ்னா ஓட்டைக்குள்ள பெயிண்ட் இறங்கி இருக்கும், இல்ல அடச்சே போயிருக்கும். கருப்புல ஓட்டைக்குள்ள கருப்பு பெயிண்ட். அப்பத்தான் எனக்கு நிம்மதியாச்சு, ஏன்னா குறைய சொல்ற அடையாளமும் அவர் சொன்ன கதையோடயே ஒத்துப்போச்சு.

சன்பர்ஸ்ட் விக்கிறவர்கிட்ட இதே போட்டோவ கேட்டேன். 'அறுபது வருஷமா யாரும் தொடல, நானும் தொட மாட்டேன்'னாரு. அதுல நியாயமே இல்லன்னு சொல்ல மாட்டேன், கைபடாத சால்டருக்கு மதிப்பு இருக்கு, பழைய ஸ்க்ரூவ முரட்டுத்தனமா திருகினா மண்டை போயிடும். ஆனா கண்ட்ரோல் ப்ளேட்ட தூக்குறதுக்கு சால்டர தொடவே வேணாம். நெக்கும் சரியான ஸ்க்ரூடிரைவர் இருந்தா சேதமில்லாம வந்துடும். யாரும் தொடலன்னு இவருக்கு எப்படித் தெரியும்ங்கிறது வேற கேள்வி.

அந்த பேஸோட பிக்கார்டும் உறுத்துச்சு. அந்தக் காலத்து ஆமை ஓடு டிசைன் பிக்கார்டு செல்லுலாய்டு, வருஷம் ஆக ஆக சுருங்கும், ஓரம் வளையும், ஸ்க்ரூ ஒரு பக்கமா சாயும், ஸ்க்ரூ ஓட்டைல இருந்து விரிசல் விடும். கருப்புல கண்ட்ரோல் ப்ளேட்டுக்கும் பிக்கார்டுக்கும் நடுவுல கீழ உள்ள பெயிண்ட் தெரியுற அளவு இடைவெளி. சன்பர்ஸ்ட்ல மட்டமா, விரிசலே இல்லாம, அளவெடுத்து வச்சது மாதிரி உக்காந்திருக்கு. நல்லா பாதுகாத்திருக்கலாம், இல்ல அது மட்டும் மாத்தினதா இருக்கலாம், அத வச்சு பேஸே போலின்னு சொல்ல முடியாது. 'எல்லாமே ஒரிஜினல்'ங்கிற வார்த்தைக்கு முன்னாடி அது ஒரு கேள்வி, அவ்ளோதான்.

மறுவிலை பத்திதான் எல்லாரும் என்ன கேக்குறாங்க. ரீஃபினிஷ் ஆனா விலை ஏறக்குறைய பாதின்னு இந்த வட்டாரத்துல ஒரு கணக்கு உண்டு, அது உண்மைதான், முதலீடா வாங்குறவங்க ஒரிஜினல் ஃபினிஷ் பக்கம்தான் போகணும். ஆனா நாளைக்கு நீங்க விக்கிறப்ப வாங்க வர்றவனும் இதே நெக் ஹீல், பாட் கோட், ஆணி ஓட்டையத்தான் கேப்பான். முழு ஒரிஜினல் விலைய கொடுத்து வாங்கி, வீட்டுக்கு வந்து திறந்து பாத்து 1978 பாடின்னு தெரிஞ்சா இடிக்கிற நஷ்டம் உங்களுது. கருப்புல பாதி விலைக்கு ஏத்த குறை எல்லாம் ஏற்கெனவே வெளிய வந்தாச்சு, இதுக்கு மேல இறங்க இடம் கம்மி.

யூவி லைட் பத்தி ஒரு வார்த்தை. அந்தக் காலத்து பெயிண்டான நைட்ரோ லேக்கர் அதுல பச்சை கலந்த மஞ்சளா ஒளிரும், பின்னாடி தொட்ட இடம் கருப்பா நிக்கும். கைல வச்சுப் பாக்குறப்ப நல்லா உதவுது, ஆனா அடுத்தவர் போன்ல எடுத்த யூவி போட்டோவ வச்சு முடிவெடுக்குற அளவு எனக்குப் பழக்கம் இல்ல. விக்கிறவர் ஊர்ல இருக்குற ரிப்பேர்காரர் ஒருத்தருக்கு காசு கொடுத்து பாக்கச் சொல்றதும் ஒரு வழி, நான் அது பண்ணல, சன்பர்ஸ்ட்தான் வேணும்னு பிடிவாதமா இருக்குறவங்களுக்கு அதுதான் சரி.

எத வாங்கினாலும் வெளிநாட்டுல இருந்து வருதுன்னா பணம் அனுப்புறதுக்கு முன்னாடி சைட்டீஸ் (அழியுற நிலைல இருக்குற மரம், விலங்கு வியாபாரத்த கட்டுப்படுத்துற சர்வதேச ஒப்பந்தம்) பேப்பர் பத்தி பேசிடுங்க. அந்தக் கால ஃபிங்கர்போர்டு பெரும்பாலும் பிரேசிலியன் ரோஸ்வுட், 1992ல இருந்து சைட்டீஸ் முதல் பட்டியல்ல இருக்கு, பேப்பர் இல்லாம எல்லை தாண்டினா கஸ்டம்ஸ் பறிமுதல் பண்ணலாம். பேப்பர் வாங்குற வேலைய யார் பாக்கணும், செலவு யாருது, ரெண்டையும் எழுத்துல வாங்கிக்கோங்க.