அரிசி வண்டுக்கு என்று விற்கும் புற ஊதா விளக்கு: வாங்க முதல் இதை வாசியுங்கள்

யாழ்ப்பாண டவுனில் ஒரு மின்சாமான் கடையில் வாங்கின விளக்கு இது. கொரோனா காலத்தில் கிருமி கொல்ல என்று வந்த அதே சாமான்தான், இப்போது பெட்டியில் வண்டு, அந்துப்பூச்சிப் படம் போட்டு முட்டையோடு அழிக்கும் என்று விற்கிறார்கள். வீட்டில் மொட்டைக்கறுப்பன் அரிசியும் ஒடியலும் கிடக்கிறதே என்று வாங்கினேன்.

விளக்கில் பொய் இல்லை. 254 நனோமீற்றர் கதிர் பட்டால் டிஎன்ஏ இழையில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு தைமின்கள் (டிஎன்ஏயின் நாலு எழுத்துகளில் ஒன்று) ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், கலம் பிரதி எடுக்க முடியாமல் திணறும், சேதம் கூடினால் முட்டை பொரிக்காது. வில்லங்கம் கூடவே தரும் தாளில்தான். பாவித்த பிறகு மணம் போக வெளிச்சமான இடத்தில் பரப்பி வைக்கட்டாம். அதைத்தான் செய்யக்கூடாது!

பெரும்பாலான பூச்சிகளிடம் போட்டோலயேஸ் என்று ஒரு நொதியம் இருக்கிறது. இருட்டிலேயே போய்ச் சேதமான இடத்தைப் பிடித்துக்கொள்ளும், ஆனால் வெட்டிப் பிரிக்க அதற்கு வெளிச்சம் வேண்டும். நீல வெளிச்சம் பட்டவுடன் அதற்குள் இருக்கும் எஃப்ஏடி என்ற துணைமூலக்கூறு ஓர் இலத்திரனைக் கொடுக்கும், ஒட்டு விடும், இலத்திரன் திரும்பி வந்துவிடும், எல்லாம் கிட்டத்தட்ட ஒரு நனோசெக்கனுக்குள். வெளிச்சத்தில் வைத்தால் புற ஊதாச் சேதம் ஆறுகிறது என்பதை அமெரிக்க ஆராய்ச்சியாளர் அல்பேர்ட் கெல்னர் 1949இலேயே நுண்ணுயிர்களில் காட்டிவிட்டார். வேறு வகைச் சேதம் ஒன்றைச் சரிசெய்யும் இரண்டாவது நொதியத்தை 1993இல் யப்பான்காரர் முதலில் கண்டதே பழ ஈயில்தான். 2015இல் வேதியியல் நோபல் வாங்கிய அசீஸ் சான்சாரும் போட்டோலயேஸோடு வருடக்கணக்காக மல்லுக்கட்டியவர். கங்காருவிடம்கூட இது இருக்கிறது, எங்களிடம் இல்லை. நாங்கள் சேதமான துண்டையே வெட்டி எறிந்து புதிதாகக் கட்டும் சுற்றுவழிக்காரர்.

அதனால் இரவில், மூடின பெட்டிக்குள் விளக்கைப் போட்டு, அப்புறமும் இருட்டிலேயே வைத்தால் பலன் கூட. அப்படிச் செய்தாலும் கதிர் மேல்மணியோடு நின்றுவிடும், உள்ளே துளைத்து இட்ட முட்டைக்கு ஒன்றும் ஆகாது. குவித்து வைத்த அரிசிக்கு இதைப் பிடிப்பது சும்மா கரண்ட் செலவு. அம்மா முற்றத்தில் பாய் விரித்துக் காயப்போடுவது இதைவிட மேல், ஏனென்றால் அங்கே வேலை செய்வது சூடு. 50 பாகைக்கு மேல் போனால் வண்டு கனநேரம் தாங்காது, சூட்டில் செத்ததை எந்த நொதியமும் எழுப்பாது.

எனக்குக் கோபம் வந்தது வேறு விஷயத்துக்கு. இந்த விளக்குக்கு மூடியும் இல்லை, தானாக அணையும் வசதியும் இல்லை. வெறும் கண்ணில் பட்டால் மணல் விழுந்த மாதிரி உறுத்தும், தோல் எரியும். கடைக்காரர் அதைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை, சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீடா என்றும் கேட்கவில்லை. தட்டுமுட்டுச் சாமான், கத்தரிக்கோல் மேலே கிருமி போக்க வாங்குகிறீர்கள் என்றால் சரி, ஆனால் கதவு திறந்தால் அணைகிற பெட்டி மாதிரி உள்ளதைக் கேட்டு வாங்குங்கள். அரிசிக்கு வேண்டாம்.