16 வாரமா, 8 வாரமா, கிளெப் தேர்வா? ஆன்லைனில் ஹிஸ்டரி 1301

டெக்சாஸ் அரசுக் கல்லூரி எதில் இளநிலைப் பட்டம் வாங்கினாலும் அமெரிக்க வரலாற்றில் 6 கிரெடிட் (பாடத்தின் அளவைக் கணக்கிடும் அலகு) காட்டியாக வேண்டும். மாநிலச் சட்டம் அது. கம்ப்யூட்டர் சயின்ஸ், நர்ஸிங் என்றெல்லாம் விலக்குக் கிடையாது. அந்த ஆறில் முதல் மூன்று பெரும்பாலும் ஹிஸ்டரி 1301 வழியாகத்தான் வரும். ஐரோப்பியர் வருவதற்கு முன்பிருந்த பழங்குடிச் சமூகங்களில் தொடங்கி, உள்நாட்டுப் போர், அதற்குப் பிந்தைய மறுசீரமைப்புக் காலம் வரை போகும் பாடம். டாலஸ், ஆஸ்டின், ஹூஸ்டன் பக்கம் உள்ள தமிழ்ப் பிள்ளைகளில் சிலர் பள்ளியில் இருக்கும்போதே கம்யூனிட்டி காலேஜில் இதை ஆன்லைனில் எடுக்கிறார்கள். எடுக்கும்போது மூன்று வழி கண்ணில் படும்: 16 வார வகுப்பு, 8 வார வகுப்பு, வகுப்பே இல்லாமல் ஒரே தேர்வில் கிரெடிட் வாங்கும் கிளெப். என் ஓட்டு 16 வாரத்துக்கு. சும்மா இல்லை, அழுத்திச் சொல்கிறேன்.

முதலில் எல்லோருக்கும் தெரிந்ததைச் சொல்லிவிடுகிறேன். 16 வாரத்துக்கும் 8 வாரத்துக்கும் கட்டணம் ஒன்றுதான், கிரெடிட் கணக்கில்தான் வாங்குகிறார்கள். வேறு கல்லூரிக்கு மாற்றும்போதும் மதிப்பு ஒன்றுதான். பாடநூல் பல வகுப்புகளில் இலவசம்: ஓப்பன்ஸ்டாக்ஸ் வெளியிட்ட யு.எஸ். ஹிஸ்டரி, இல்லாவிட்டால் தி அமெரிக்கன் யாவ்ப். இரண்டும் இணையத்திலேயே முழுதாகக் கிடைக்கும்.

வேலையின் அளவும் ஒன்றுதான். இங்கேதான் பலர் கணக்குத் தவறுகிறார்கள். 8 வாரம் என்றால் பாதிப் பாடம் என்று பொருள் இல்லை. ஒரு கிரெடிட்டுக்கு வாரம் 1 மணி நேரம் வகுப்பு, 2 மணி நேரம் சொந்தப் படிப்பு, 15 வாரம். இதுதான் கூட்டாட்சி அரசு வைத்திருக்கும் அளவுகோல். 3 கிரெடிட்டுக்கு மொத்தம் 135 மணி நேரம். 16 வார வகுப்பில் அது வாரத்துக்கு 9 மணி நேரத்துக்குள் அடங்கும். 8 வாரத்தில் 17 மணி நேரத்தைத் தொடும். கூடவே கால்குலஸும் கெமிஸ்ட்ரி லேபும் எடுத்திருக்கும் பிள்ளைக்கு வாரம் 17 மணி நேரம் எங்கிருந்து வரும்?

அத்தியாயக் கணக்கிலும் இதையே பார்க்கலாம். அமெரிக்கன் யாவ்ப் முதல் தொகுதியில் 15 அத்தியாயங்கள். 16 வாரத்தில் வாரம் ஒன்று, கடைசி வாரம் தேர்வுக்கு. 8 வாரத்தில் வாரம் இரண்டு. அப்படி இரண்டிரண்டாக எடுத்தால் ஐந்தாவதும் ஆறாவதும் மூன்றாம் வாரத்தில் ஒன்றாக விழும். ஐந்தாவது புரட்சி, ஆறாவது அரசியலமைப்புச் சட்டம். 1765 முத்திரை வரி, 1773 தேயிலைச் சட்டம், 1776 சுதந்திரப் பிரகடனம், 1786-இல் மாசசூசெட்ஸ் உழவர்கள் கடன் நெருக்கடியில் துப்பாக்கி எடுத்த ஷேஸ் கலகம், 1787 ஃபிலடெல்ஃபியா மாநாடு, 1791 உரிமைச் சட்டத் திருத்தங்கள், எல்லாம் ஒரே ஏழு நாளில். இந்தப் பாடத்தின் முதுகெலும்பே அந்த இரண்டு அத்தியாயங்கள்தான். ஷேஸ் கலகம் ஏன் மேல்தட்டினரைப் பயமுறுத்தியது, அந்தப் பயம் ஏன் வலுவான மத்திய அரசைக் கேட்க வைத்தது என்று இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பார்க்க அவகாசம் வேண்டும். இல்லையென்றால் தேதிகள்தான் மிஞ்சும்.

ஆனாலும் என் முடிவுக்கு இது முக்கியக் காரணம் இல்லை. வேகமாகப் படிக்கிற பிள்ளை வாரத்துக்கு இரண்டு அத்தியாயத்தைச் சமாளித்துவிடும். சமாளிக்க முடியாதது வேறொன்று: முதல் கட்டுரை திருத்தி வரும் தேதி.

ஹிஸ்டரி 1301-இல் க்விஸ் இருக்கும், வாராவாரம் டிஸ்கஷன் இருக்கும். தரத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் மூல ஆவணங்களை வைத்து எழுதும் இரண்டு மூன்று கட்டுரைகள். பள்ளியிலிருந்து வரும் பிள்ளை முதல் கட்டுரையில் எங்கே சறுக்கும் என்று பார்ப்போம். பால் ரெவரின் அச்சுப்படம் இந்த வகுப்புகளில் அடிக்கடி வரும் ஆவணம். 1770 மார்ச் 5 இரவு பாஸ்டன் கிங் தெருவில் பிரிட்டிஷ் படைவீரர்கள் சுட்டதில் 5 பேர் இறந்தார்கள். அதைச் செதுக்கிய படம். பிள்ளை இப்படி எழுதும்: ‘படத்தில் காண்பதுபோல், படைவீரர்கள் வரிசையாக நின்று, தளபதியின் ஆணைப்படி, நிராயுதபாணி மக்களைச் சுட்டனர்.’ புகைப்படத்தை வர்ணிப்பதுபோல.

இந்த வாக்கியத்துக்கு வழக்கமாக வரும் குறிப்பு மூன்றே கேள்வி. யார் செய்தது? எப்போது? யாரிடம் விற்க? அந்தக் கேள்விகளோடு படத்தை மறுபடி பார்த்தால் எல்லாம் மாறிவிடும். சம்பவம் நடந்து மூன்றே வாரத்தில் விற்பனைக்கு வந்த படம் அது. தரையில் கிடந்த பனியும் பனிக்கட்டியும் படத்தில் இல்லை; கூட்டம் அவற்றை வாரி எறிந்ததும் இல்லை. படைவீரர்களுக்குப் பின்னால் அதிகாரி வாளை உயர்த்தி நிற்கிறார். சுங்க அலுவலகத்தின் மேல் ‘கசாப்புக் கூடம்’ என்று பொருள்படும் பலகை. நிஜத்தில் அப்படி ஒரு பலகை கிடையாது. அதே ஆண்டு நடந்த விசாரணையில் அந்த அதிகாரி, கேப்டன் பிரெஸ்டன், விடுதலையானார். படைவீரர் 8 பேரில் 6 பேர் விடுதலை, 2 பேருக்குக் கொலையாகாத மரண விளைவிப்புக் குற்றம், பெருவிரலில் சூடு. அவர்களுக்காக வாதாடியவர் பின்னாளில் இரண்டாவது ஜனாதிபதியான ஜான் ஆடம்ஸ். பிரெஸ்டன் எழுதிய வாக்குமூலத்தையும் கண்ணை மூடி நம்ப முடியாது. அவர் சிறையில் இருந்துகொண்டு தன் கழுத்தைக் காப்பாற்ற எழுதியது அது. ஆக, ரெவர் படம் அன்றிரவு நடந்ததைக் காட்டுவதைவிட, பாஸ்டனில் ஒரு தரப்பு எதை நம்ப வைக்க விரும்பியது என்பதைத்தான் நன்றாகக் காட்டுகிறது. இந்த ஒரு வாக்கியத்தை எழுதத் தெரிந்துவிட்டால் பிள்ளைக்குப் பாதி வகுப்பு முடிந்த மாதிரி.

இப்போது நாள்காட்டியை எடுங்கள். 16 வார வகுப்பில் முதல் கட்டுரை ஐந்தாம் வாரம், இரண்டாவது பத்தாம் வாரம் என்று வைப்போம். திருத்த 10 நாள் எடுத்தாலும் குறிப்புகள் ஏழாம் வாரம் கைக்கு வந்துவிடும். படித்துப் பார்க்கலாம், புரியாததை மின்னஞ்சலில் கேட்கலாம், அடுத்த கட்டுரையில் திருத்திக்கொள்ள மூன்று வாரத்துக்கு மேல் இருக்கிறது. 8 வார வகுப்பில் முதலாவது மூன்றாம் வார ஞாயிறு, இரண்டாவது ஐந்தாம் வார ஞாயிறு. அதே 10 நாளில் குறிப்பு வந்தால் ஐந்தாம் வாரம் புதன்கிழமை. கையில் நான்கு நாள். இரண்டாவது கட்டுரை பாதி எழுதியாயிற்று, அதே தப்போடு. ஆசிரியர் மேல் குறை இல்லை; ஐந்து வகுப்பு எடுப்பவர் நூற்றுக்கும் மேற்பட்ட கட்டுரைகளை இதைவிட வேகமாகப் பொறுப்போடு திருத்த முடியாது.

இரண்டாவது கட்டுரைக்கு அந்தப் பழக்கம் ஏன் அவ்வளவு தேவை? பெரும்பாலும் அது உள்நாட்டுப் போரின் காரணங்களைத் தொடும். ‘மாநில உரிமைக்காகத்தான் தென்மாநிலங்கள் பிரிந்தன’ என்று எங்கோ கேட்டதை எழுதிவிட ஆசை வரும். 1860 டிசம்பர் 24 அன்று தென் கரோலினா மாநாடு ஏற்ற பிரகடனத்தை ‘யார், எப்போது, யாருக்கு’ என்று கேட்டுப் படித்தால் அந்த வாதம் நிற்காது. தப்பி ஓடிய அடிமைகளைத் திருப்பி ஒப்படைக்காமல் வடமாநிலங்கள் தம் சொந்தச் சட்டங்களால் தடுக்கின்றன என்பதுதான் அதில் உள்ள முதன்மையான புகார். வடமாநிலங்கள் தங்கள் மாநில உரிமையைப் பயன்படுத்தியதே குற்றம் என்கிறது அந்த ஆவணம்! முதல் கட்டுரையின் குறிப்பைச் செரித்துக்கொண்ட பிள்ளை இதைத் தானாகவே பிடிக்கும்.

கூடவே ஒரு சின்ன விஷயம், மதிப்பெண் சத்தமில்லாமல் போகும் இடம். அடிக்குறிப்பில் இணையதளத்தின் பெயரை மட்டும் போடுவது. ஆவணத்தை உருவாக்கியவர், ஆவணத்தின் பெயர், அதன் தேதி முதலில் வர வேண்டும். எங்கே எடுத்தோம் என்பது அதற்குப் பிறகு. வரலாற்று வகுப்புகளில் பெரும்பாலும் சிகாகோ முறை என்ற மேற்கோள் பாணியைத்தான் கேட்பார்கள். இதுவும் முதல் கட்டுரைக் குறிப்பிலேயே வரும், இரண்டாவதில் சரியாகிவிடும். இடைவெளி இருந்தால்.

8 வாரம் யாருக்குப் பொருந்தும்? பள்ளியிலேயே கல்லூரித் தரத்தில் நடக்கும் ஏபி அமெரிக்க வரலாறு எடுத்து, 7 ஆவணங்களை வைத்து ஒரு மணி நேரத்தில் கட்டுரை எழுதிப் பழகியவர்களுக்கு. அவர்கள் விஷயத்தில் என் வாதம் பலவீனமாகிவிடுகிறது. அந்தக் குறிப்புகளை அவர்கள் ஏற்கெனவே பள்ளி ஆசிரியரிடம் வாங்கிவிட்டார்கள். முதல் 8 வாரத்தில் 1301, அடுத்த 8 வாரத்தில் அதன் தொடர்ச்சியான 1302 என்று ஒரே செமஸ்டரில் 6 கிரெடிட்டையும் முடிப்பது அவர்களுக்கு நல்ல திட்டம்தான். ஒன்றை மட்டும் கவனிக்கவும்: குறுகிய வகுப்பில், மதிப்பெண் பட்டியலில் சுவடில்லாமல் வகுப்பை விட்டு விலகும் கெடு சீக்கிரம் வந்துவிடும். பளு புரிவதற்குள் அந்தத் தேதி போய்விடலாம்.

கோடை வகுப்புகள் இன்னும் குறுகியவை. கோடை விடுமுறைக்குச் சென்னைக்கோ மதுரைக்கோ வந்திருந்தபடி எடுப்பவர்கள் கெடு நேரத்தை முதல் நாளே மாற்றி எழுதி வையுங்கள். டெக்சாஸில் ஞாயிறு இரவு 11:59 என்றால், கோடையில் இங்கே திங்கள் காலை 10:29. டிஸ்கஷனுக்குப் பொதுவாக வார நடுவில் முதல் பதிவு, வார இறுதிக்குள் இரண்டு பதில்கள் என்று இரண்டு கெடு இருக்கும். முதலாவதைத் தவறவிடுவதுதான் வழக்கமான விபத்து. சில வகுப்புகளில் நீங்கள் பதிவிடும்வரை மற்றவர்கள் எழுதியது திரையில் தெரியாது. நாலு பேர் எழுதட்டும், பார்த்து எழுதலாம் என்று காத்திருந்தால் நேரம்தான் போகும்.

எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. முழுநேரப் படிப்புக்கான 12 கிரெடிட்டில் ஒரு செமஸ்டருக்கு ஓர் ஆன்லைன் வகுப்பு, அதாவது 3 கிரெடிட் மட்டுமே கணக்கில் சேரும். அந்த ஒரே இடத்தை ஹிஸ்டரிக்குக் கொடுத்துவிட்டால் மற்றவை நேரடி வகுப்புகளாக இருக்க வேண்டும். பதிவு செய்யும் முன் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

கிளெப் தேர்வை நான் ஒதுக்கவில்லை. 120 கேள்விகள், 90 நிமிடம், கேள்விக்கு 45 விநாடி. 20 முதல் 80 வரையிலான அளவில் 50 வாங்கினால் 3 கிரெடிட் தரலாம் என்பது பரிந்துரை. ஏற்பதும் மறுப்பதும் அந்தந்தக் கல்லூரியின் விருப்பம். தோற்றால் மறுபடி எழுத 3 மாதம் காத்திருக்க வேண்டும். இதற்குப் படிப்பவர்கள் கொலம்பஸ், ஜேம்ஸ்டவுன், மாசசூசெட்ஸின் சேலம் ஊரில் நடந்த சூனியக்கார வழக்கு என்று தொடக்கத்திலேயே வாரக்கணக்கில் தங்கிவிடுகிறார்கள். தேர்வில் ஏறத்தாழ 70 சதவீதம் 1790-க்குப் பிந்தையது. ஜாக்சனின் வங்கிச் சண்டை, 1854 கான்சாஸ்-நெப்ராஸ்கா சட்டம், 1857 ட்ரெட் ஸ்காட் தீர்ப்பு, 1865 முதல் 1870 வரை வந்த 13, 14, 15-ஆம் அரசியலமைப்புத் திருத்தங்கள், இவற்றில்தான் மதிப்பெண் கிடக்கிறது. செலவும் நேரமும் மிச்சம். ஆனால் ஒரு பத்தி கூட எழுத வேண்டியதில்லை. யாரும் உங்கள் வாக்கியத்தைப் பார்த்துக் கேள்வி கேட்கப் போவதில்லை. பொதுவாக கிரெடிட் ஏறும், கிரேடு ஏறாது, ஜிபிஏ என்ற சராசரி மதிப்பெண் உயராது. பிறகு சட்டம், மருத்துவம் என்று போக நினைப்பவர்கள் கிரேடு இல்லாத கிரெடிட்டை அந்தக் கல்லூரிகள் எப்படிப் பார்க்கும் என்று முன்கூட்டியே விசாரிப்பது நல்லது.

எதை எடுத்தாலும் துணைக்கு ஒன்று: யேல் பல்கலைக்கழகம் இலவசமாகத் திறந்து வைத்திருக்கும் ஜோஆன் ஃப்ரீமனின் அமெரிக்கப் புரட்சி விரிவுரைகள், மொத்தம் 25. கிரெடிட் கிடையாது, ஆனால் அந்த ஐந்தாம், ஆறாம் அத்தியாயங்கள் உயிரோடு எழுந்து நிற்கும். (யேல் என்ற பெயரே நம் கடற்கரையிலிருந்து போனது. ஜார்ஜ் கோட்டையில் 1687 முதல் 1692 வரை கம்பெனியின் ஆளுநராக இருந்த எலிஹு யேல், 1718-இல் அனுப்பிய 9 பொதிச் சரக்குக்கும் 417 புத்தகங்களுக்கும் நன்றியாகத்தான் அந்தக் கல்லூரி அவர் பெயரைச் சூடிக்கொண்டது.)

16 வாரம் என்று முடிவு செய்தாலும் எந்த ஆசிரியரின் வகுப்பு என்பதைப் பார்த்துப் பதியுங்கள். டெக்சாஸ் அரசுக் கல்லூரிகள் சிலபஸைப் பொதுமக்கள் பார்க்கும்படி இணையதளத்தில் வைக்க வேண்டும் என்று 2009-இல் சட்டம் வந்தது. அதைத் திறந்து கட்டுரைகளின் கெடு தேதிகளைத் தேடுங்கள். முதல் கட்டுரைக்கும் இரண்டாவதுக்கும் நடுவே எத்தனை நாள் என்று எண்ணுங்கள். திருத்தித் தர எத்தனை நாள் ஆகும் என்று எழுதியிருந்தால் அதைக் கழியுங்கள். மிச்சம் இரண்டு வாரத்துக்குக் கீழே இருந்தால் அடுத்த ஆசிரியரின் சிலபஸைத் திறங்கள். கட்டுரையே இல்லாமல் க்விஸ் மட்டும் வைத்திருக்கும் வகுப்பு கண்ணில் பட்டால், அது சுலபமாகத் தெரிந்தாலும் தாண்டிப் போங்கள். அதற்குக் கிளெப் தேர்வே மலிவு.