தீர்ப்புக்கு முன்பே போன வேலை: ஐஏஆர்பி விசாரணைச் சேவை எப்படி இருந்தது?

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் பெரிய விதிமீறல் வழக்குகளை விசாரிக்க, கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்சிஏஏ அமைப்பு தனியாக ஒரு சேவையை நடத்திப் பார்த்தது. சுருக்கப் பெயர் ஐஏஆர்பி. 2019 ஆகஸ்ட் 1-இல் தொடங்கி, 2023 அக்டோபர் 11-இல் கன்சாஸ் வழக்கின் தீர்ப்போடு முடிந்தது. மொத்தம் ஆறு பல்கலைக்கழகங்களின் வழக்குகள்: என்.சி. ஸ்டேட், மெம்ஃபிஸ், லூயிவில், அரிசோனா, எல்எஸ்யு (லூசியானா ஸ்டேட்), கன்சாஸ். விதியை மீறியதாகப் புகார் வந்த பயிற்சியாளர் வேலையில் இருக்கலாமா என்று கேட்பவர்கள் இந்த ஆறையும் ஒருமுறை புரட்டிப் பார்க்க வேண்டும். சேவை ஏன் தோற்றது என்பதும், பயிற்சியாளரின் வேலையை உண்மையில் யார் தீர்மானிக்கிறார்கள் என்பதும் அதிலேயே தெரிந்துவிடும்.

2017 செப்டம்பர் 26-இல் எஃப்பிஐ அறிவித்த கைதுகள்தான் தொடக்கம். ஆபர்ன், ஓக்லஹோமா ஸ்டேட், அரிசோனா, யுஎஸ்சி ஆகிய நான்கு பல்கலைக்கழகங்களின் உதவிப் பயிற்சியாளர்கள் பிடிபட்டார்கள். அடிடாஸ் ஆட்கள் வீரர்களின் குடும்பங்களுக்குப் பணம் கொடுத்த கதையும் வெளியே வந்தது. தலைமைப் பயிற்சியாளர் ஒருவர்கூடக் கைதாகவில்லை. முன்னாள் வெளியுறவு அமைச்சர் காண்டலீசா ரைஸ் தலைமையில் என்சிஏஏ அமைத்த குழு 2018 ஏப்ரலில் அறிக்கை கொடுத்தது. போட்டிப் பல்கலைக்கழகத்து ஆட்களே ஒருவருக்கொருவர் தீர்ப்பு எழுதக் கூடாது, பெரிய வழக்குகளை வெளியாட்களிடம் விடுங்கள் என்றது அந்த அறிக்கை. அந்த யோசனையில் எந்தப் பிழையும் இல்லை.

நடைமுறை இப்படிப் போகும். முதலில் வழக்கை ஐஏஆர்பி-க்கு மாற்றலாமா என்று ஒரு குழு பார்க்கும். அது சரி என்றால், ‘சிக்கல் வழக்குப் பிரிவு’ என்ற இன்னொரு குழு விசாரணையைக் கையில் எடுக்கும். பிறகு 15 பேர் கொண்ட நடுவர் பட்டியலிலிருந்து ஐந்து பேர் அமர்ந்து கேட்டுத் தீர்ப்பளிப்பார்கள். மேல்முறையீடு கிடையாது. கோளாறு இரண்டாம் படியில் இருந்தது. என்சிஏஏ ஊழியர்கள் ஏற்கெனவே விசாரித்து, குற்றச்சாட்டு அறிவிக்கையும் அனுப்பிய வழக்கை இந்தப் பிரிவு மறுபடி தோண்டலாம், புதிதாகச் சேர்க்கலாம். கன்சாஸுக்கு அறிவிக்கை போனது 2019 செப்டம்பரில். தீர்ப்பு வர நான்கு ஆண்டுக்கு மேல் ஆனது. அறிவிக்கை வந்தபோது முதலாம் ஆண்டில் சேர்ந்த மாணவர் தீர்ப்பு வரும்போது பட்டமே வாங்கியிருப்பார்.

நான்கு ஆண்டு எந்தப் பல்கலைக்கழகமும் கைகட்டிக்கொண்டு இருக்காது. லூயிவில் 2017 அக்டோபர் 16-இலேயே தலைமைப் பயிற்சியாளர் ரிக் பிட்டினோவை வேலையை விட்டு நீக்கியது. பிரையன் போவன் என்ற வீரரின் குடும்பத்துக்கு 1,00,000 டாலர் தர அடிடாஸ் ஆட்கள் திட்டமிட்டது அம்பலமானதுதான் உடனடிக் காரணம். அதற்கு முன் வேறொரு வழக்கின் சுமையும் இருந்தது. விடுதி அறைக்குப் பெண்களை வரவழைத்த அந்த விவகாரத்தில், 2013-இல் வென்ற தேசியப் பட்டமே பின்னால் பறிபோனது. பிட்டினோ இழப்பீடு கேட்டு வழக்குப் போட்டார். 2019-இல் சமரசம் ஆனது. பணம் கைமாறவில்லை, பதிவேட்டில் மட்டும் ‘நீக்கம்’ என்பது ‘ராஜினாமா’ ஆனது. 2022 நவம்பரில் ஐஏஆர்பி தீர்ப்பு வந்தபோது, போவன் விவகாரத்தில் பிட்டினோ மீது விதிமீறல் எதுவும் இல்லை என்றது. வேலை போய் ஐந்து வருடம் கழித்து.

அரிசோனா கதையும் இதே ரகம்தான். உதவிப் பயிற்சியாளர் புக் ரிச்சர்ட்சன் 20,000 டாலர் லஞ்சம் வாங்கியதை ஒப்புக்கொண்டு மூன்று மாதச் சிறைத் தண்டனை பெற்றார். தலைமைப் பயிற்சியாளர் ஷான் மில்லரை 2021 ஏப்ரலில் பல்கலைக்கழகம் அனுப்பிவிட்டது. 2022 டிசம்பர் தீர்ப்பில் ரிச்சர்ட்சனுக்குப் பத்தாண்டு ஷோகாஸ், மில்லருக்குத் தண்டனை ஏதும் இல்லை. தீர்ப்புக்குக் காத்திராமலே ஸேவியர் பல்கலைக்கழகம் மில்லரை எடுத்துக்கொண்டிருந்தது.

ஷோகாஸ் என்றதும் நம் ஊர் அலுவலகங்களில் கொடுக்கும் விளக்கம் கேட்கும் நோட்டீஸ் நினைவுக்கு வரும். இது வேறு. பயிற்சியாளருக்குச் சம்பளம் தருவது என்சிஏஏ அல்ல, எனவே அதனால் யாரையும் வேலையை விட்டு நீக்க முடியாது. போட்டித் தடையைத் தவிர அது செய்யக்கூடியது ஒன்றுதான்: இந்த ஆளை இன்ன தேதிவரை எந்தப் பல்கலைக்கழகம் சேர்த்தாலும், ஏன் உங்களைத் தண்டிக்கக் கூடாது என்று நீங்கள் வந்து காரணம் சொல்ல வேண்டும் என்று கட்டளையிடலாம். பத்தாண்டு என்றால் நடைமுறையில் அந்தத் தொழிலே முடிந்த மாதிரி. ஓர் உதவிப் பயிற்சியாளரின் வாழ்க்கையை முடித்த வழக்கில், அவரை வேலைக்கு எடுத்து மேற்பார்த்தவருக்கு ஒரு போட்டித் தடைகூட இல்லை. குற்றம் நிரூபணமானவருக்குக் கடும் தண்டனை சரி. மேற்பார்வைக்கு எந்த விலையும் இல்லை என்பதை ஏற்க முடியாது.

இப்போது எல்எஸ்யு-வையும் கன்சாஸையும் பக்கத்தில் வையுங்கள். எல்எஸ்யு தலைமைப் பயிற்சியாளர் வில் வேட் ஒரு வீரரைச் சேர்க்கக் கொடுத்த ‘ஆஃபர்’ பற்றிப் பேசியது எஃப்பிஐ ஒட்டுக்கேட்டதில் சிக்கியது. 2019-இல் எல்எஸ்யு அவரை இடைநீக்கம் செய்து, பிறகு திரும்பச் சேர்த்தது. சேர்க்கும்போதே ஒப்பந்தத்தைத் திருத்தியது. முதல் அல்லது இரண்டாம் நிலை (கடுமையான வகை) விதிமீறல் என்று அறிவிக்கை வந்தாலே போதும், இழப்பீடின்றி நீக்கலாம் என்பது புதிய ஷரத்து. 2022 மார்ச்சில் அறிவிக்கை வந்தது, சில நாளில் வேலை போனது. கன்சாஸில் தலைமைப் பயிற்சியாளர் பில் செல்ஃபுக்கு 2021-இல் எழுதிய ஒப்பந்தம் நேர் எதிர்: நடந்துகொண்டிருக்கும் விசாரணையைக் காரணம் காட்டி அவரை இழப்பீடின்றி நீக்க முடியாது. பல்கலைக்கழகமே 2022-இல் அவருக்கு நான்கு போட்டித் தடை போட்டுக்கொண்டது. அடிடாஸ் ஆட்களைக் கன்சாஸின் ‘பூஸ்டர்’ (பல்கலைக்கழக அணியின் நலனுக்காகச் செயல்படும் ஆதரவாளர்) என்று கருத முடியாது என்று நடுவர்கள் முடிவு செய்ததால் பெரிய குற்றச்சாட்டுகள் சுருங்கின. 2018 ஃபைனல் ஃபோர் (தேசியப் போட்டியின் அரையிறுதி) பதிவு அழிந்தது. 2022 தேசியப் பட்டம் தப்பியது. செல்ஃபும் தப்பினார்.

இரண்டு பேர் வேலையையும் தீர்மானித்தது நடுவர் குழு அல்ல. ஒப்பந்தத்தின் ஒரு ஷரத்து. ஐஏஆர்பி-க்கு 5-க்கு 2 மதிப்பெண்தான் தர முடிகிறது; அந்த இரண்டும் நடுவர்கள் போட்டிப் பல்கலைக்கழகங்களின் ஆட்கள் இல்லை என்பதற்காக.

ஐஏஆர்பி-க்குப் போகாமல், என்சிஏஏ-வின் விதிமீறல் குழு என்ற பழைய வழியில் போனவர்களுக்கு என்ன கிடைத்தது என்பதையும் பார்க்க வேண்டும். ஓக்லஹோமா ஸ்டேட் தன் உதவிப் பயிற்சியாளர் லமாண்ட் எவன்ஸை விவகாரம் வெடித்த கையோடு நீக்கியது. அவர் வாங்கிய லஞ்சம் வீரர்களை நிதி ஆலோசகர்களிடம் தள்ளிவிடத்தானே தவிர, அணிக்கு ஆள் சேர்க்க அல்ல. ஆனாலும் ஓராண்டு போஸ்ட் சீசன் தடை (சீசன் முடிவில் நடக்கும் போட்டிகளில் அணி ஆடத் தடை) விழுந்தது. மேல்முறையீடு 2021 நவம்பர் தொடக்கத்தில், சீசன் வாசலில் நிற்கும்போது, தள்ளுபடியானது. வேறு கல்லூரிக்கு மாற வீரர்களுக்கு அவகாசமே இல்லை. குற்றத்தில் சம்பந்தமே இல்லாத பையன்கள் அந்த வருடம் மார்ச் மாதப் போட்டிகளை டிவியில் பார்த்தார்கள். இதைவிட அநியாயமான தண்டனை இந்த முறைக்குள் இல்லை.

அப்படியானால் எதற்கு வேலை போக வேண்டும்? விதியின் அளவை மட்டும் வைத்து முடிவு செய்தால் ஏமாறுவோம். கெல்வின் சாம்ப்சன் ஓக்லஹோமாவிலும் இண்டியானாவிலும் அதிகப்படித் தொலைபேசி அழைப்புகளுக்காகச் சிக்கி, 2008-இல் வேலையை விட்டு, ஐந்தாண்டு ஷோகாஸ் பெற்றார். சில வருடத்தில் அந்த அழைப்பு வரம்பையே என்சிஏஏ தளர்த்திவிட்டது. வீரர்களுக்குப் பணமும் அப்படித்தான். 2021 ஜூலை முதல் பெயர், உருவ உரிமைக்குப் பணம் வாங்கலாம். 2025 ஜூலை முதல் பல்கலைக்கழகமே நேரடியாக வருவாயில் பங்கு தரலாம்.

மாறாத குற்றம் பொய். டென்னசியில் தலைமைப் பயிற்சியாளர் ப்ரூஸ் பேர்ல் 2008-இல் தன் வீட்டு விருந்துக்கு, அணிக்குச் சேர்க்க விரும்பிய பள்ளி மாணவர்களை அழைத்தார். அது சின்ன மீறல். 2010-இல் விசாரணையாளர்கள் ஒரு புகைப்படத்தை மேசையில் வைத்து, இது எங்கே எடுத்தது என்று கேட்டார்கள். படத்தில் அவரும் ஒரு மாணவரும். எந்த இடம் என்று தெரியவில்லை என்றார். அது அவருடைய சொந்த வீடு. 2011 மார்ச்சில் வேலை போனது, மூன்றாண்டு ஷோகாஸ் வந்தது. அந்த நீக்கம் சரியான நீக்கம். விருந்துக்கு ஓரிரு போட்டித் தடையே போதும். விசாரணையில் பொய் சொல்பவரிடம் பதினெட்டு வயதுப் பையன்களை ஒப்படைக்க முடியாது.

எனவே பல்கலைக்கழகங்கள் கவனிக்க வேண்டியது ஒப்பந்தத்தை. அறிவிக்கை வந்தால் சம்பளமில்லா இடைநீக்கம், நீக்கம் அல்ல. பொய், ஆதாரம் அழித்தல், விசாரணைக்கு வர மறுத்தல் ஆகியவை நிரூபணமானால் உடனடி நீக்கம். உதவியாளர் மீது முதல் நிலைக் குற்றம் உறுதியானால் அந்த ஆண்டு போனஸ் திரும்ப வரவேண்டும். இந்த மூன்றும் எழுத்தில் இல்லையென்றால் வழக்கறிஞர்களுக்குத்தான் வேலை. தீர்ப்பு நிலுவையில் உள்ளவரை வேலைக்கு எடுக்கும் பல்கலைக்கழகம், வரப்போகும் தடையையும் சேர்த்தே எடுக்கிறது என்று தெரிந்து எடுக்க வேண்டும். மக்னீஸ் பல்கலைக்கழகம் 2023 மார்ச்சில் வில் வேட்-ஐ எடுத்தது. எல்எஸ்யு தவறுக்கான பத்துப் போட்டித் தடை ஜூனில் வந்தது, அனுபவித்தது மக்னீஸ்.

2023 ஜனவரி முதல் புது வழக்குகள் பழைய விதிமீறல் குழுவிடமே திரும்பிவிட்டன. பேசி முடிக்கும் சமரச வழி இப்போது அகலம், அதனால் வேகமும் கூடுதல். உதவியாளர் செய்த தவறுக்குத் தலைமைப் பயிற்சியாளர் தானாகவே பொறுப்பு. ‘எனக்குத் தெரியாது’ என்பதால் பொறுப்பு விலகாது, தண்டனையின் அளவைத்தான் குறைக்க முடியும். அரிசோனா வழக்கு இந்த விதிக்குக் கீழ் வந்திருந்தால் மில்லருடைய பெயருக்கு எதிரேயும் ஏதாவது எழுதப்பட்டிருக்கும்.