தரவுத் தள வடிவமைப்பு: நிரந்தரப் பொறியாளரா, ஆலோசனை நிறுவனமா?

சிங்கப்பூரில் நடுத்தர நிறுவனம் ஒன்று தன் தரவுகளை கிளவுடுக்கு மாற்ற முற்படும்போது, வடிவமைப்பை வழிநடத்த மூத்த தரவுப் பொறியாளர் ஒருவரை நிரந்தரமாகச் சேர்ப்பதா, ஆலோசனை நிறுவனத்திடம் ஒப்பந்தத்துக்கு விடுவதா என்ற கேள்வி எழுகிறது.

வேகத்தில் ஆலோசனை நிறுவனமே முந்தும். நிரந்தரப் பணிக்கு வெளிநாட்டவரை, அவர் சென்னையிலிருந்து வருபவராகவே இருக்கட்டும், எம்ப்ளாய்மென்ட் பாஸ் என்ற வேலை அனுமதியில் எடுப்பதானால், பொதுவாக மைகேரியர்ஸ்ஃபியூச்சர் என்ற அரசு வேலைவாய்ப்புத் தளத்தில் 14 நாள் விளம்பரம் செய்ய வேண்டும். 2023 செப்டம்பர் முதல் அந்த அனுமதிக்கான காம்பஸ் என்ற புள்ளி மதிப்பீட்டில் 40 புள்ளிகளும் தேவை. உள்ளூர்வாசிக்கு இந்தத் தாமதம் இல்லை.

ஆனால் உண்மையான வேறுபாடு தரவுத் தளத்தைக் கட்டிய பின்புதான் தெரியும். கூகுளின் கிளவுட் தரவுக் கிடங்கான பிக்குவெரியில், பயன்பாட்டுக்கேற்பப் பணம் செலுத்தும் முறையில், வினவல் (தரவைக் கேட்கும் கட்டளை) படிக்கும் தரவின் அளவுக்கே கட்டணம் என்பதால், பரிவர்த்தனை அட்டவணையைத் தேதிவாரியாகப் பிரிக்காமல் விட்டால், ஒரே நாள் விற்பனையைக் கேட்கும் அறிக்கைகூட தனக்குத் தேவையான நெடுவரிசைகளின் பல ஆண்டுத் தரவு முழுவதையும் படித்துத் தொலைக்கும். வேலையை முடித்துக் கிளம்பிய ஆலோசகருக்கு அந்த பில் வராது. நிரந்தரப் பொறியாளரின் மேசைக்கு மாதந்தோறும் வரும். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, அறிவிக்கத்தக்க தரவுக் கசிவு என்று மதிப்பிட்ட 3 நாள்களுக்குள் தனிநபர் தரவுப் பாதுகாப்பு ஆணையத்திடம் தெரிவிக்கும் பொறுப்பும் நிறுவனத்துடையதே. எந்த அட்டவணையில் யாருடைய அடையாள எண் இருக்கிறது என்று அப்போது சொல்ல, வடிவமைத்தவர் கையெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

வடிவமைப்புக்கு நிரந்தரப் பொறியாளரையே எடுப்பேன். பழைய தரவை இடம்மாற்றும் வேலைக்கு மட்டும் ஆலோசனை நிறுவனம் போதும். நேர்காணலில் கருவிகளின் பட்டியலைவிட, தாமதமாக வந்துசேரும் தரவை அவர் எப்படிக் கையாண்டார் என்று கேட்பதே பயன் தரும்.