பாலூ தம்பி 2: மாவுக் கடை போர்டுக்கு வாய்த்த எழுத்து

எங்கள் தெருவில் இட்லி மாவு அரைத்து விற்கும் அக்கா போன மாதம் போர்டு எழுத வந்தார். "கல்யாணப் பத்திரிகை எழுத்து வேண்டாம் தம்பி. பார்த்தாலே மெத்துன்னு இருக்கணும்" என்றார். 16 வருஷமாக டிடிபி வேலை பார்க்கிறேன். என் கணினியில் தடித்த எழுத்தெல்லாம் முறைக்கும், விளையாட்டான எழுத்தெல்லாம் நோஞ்சானாக இருக்கும். கடைசியில் பாலூ தம்பி 2-ஐப் போட்டுக் காட்டினேன். "இதுதான், இதுதான்!" என்று ஸ்கிரீனையே தொட்டார்.

மும்பை ஏக் டைப் குழுவின் எழுத்துரு இது. தமிழ் வடிவம் ஆதர்ஷ் ராஜன் செய்தது. பாலூ என்றால் இந்தியில் கரடி. மொழிக்கு ஒரு சகோதரன் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்: மலையாளத்துக்குச் சேட்டன், தெலுங்குக்குத் தம்முடு, நமக்குத் தம்பி. பெயருக்கேற்ற உடம்பு. கோடெல்லாம் கொழுகொழுவென்று உருண்டிருக்கும், அங்கங்கே கரடி நகம் மாதிரி லேசாக ஒரு கூர். பிரஷ்ஷை அழுத்தி இழுத்த கை தெரிகிறது. 4 அடி போர்டில் 'மாவு' என்று வந்தபோது, வு-வின் வளைவு மாவு பொங்கி வழிகிற மாதிரியே இருந்தது. எனக்கு அதில் உண்மையிலேயே சந்தோஷம்.

முதல் பாலூ ஒரே தடிமனில்தான் வந்தது. இதில் ரெகுலர் முதல் எக்ஸ்ட்ரா போல்டு வரை 5 இருக்கிறது. போர்டுக்கு எக்ஸ்ட்ரா போல்டு. வினைல் ஸ்டிக்கர் வெட்டுகிறவர்களுக்கும் அதையே சொல்வேன். மெலிந்த இடம் இல்லாததால் உரிக்கும்போது கிழியாது.

விசிட்டிங் கார்டில் மட்டும் அந்தத் தடிமனைப் போடாதீர்கள். 8 பாயின்ட்டில் ஒரு 'அண்ணன் ஸ்டோர்ஸ்' அடித்தேன், மூன்று சுழி ண-வில் மை அடைத்துக் கறுப்புப் பொட்டாகிவிட்டது. 100 கார்டு வீண். சின்ன எழுத்துக்கு மீடியமே போதும். இரண்டு வரி எழுதினால் வரி இடைவெளி அகலமாக விழும், கையால் குறைக்க வேண்டும். போட்டோஷாப்பில் கொம்பு இடம் மாறி நின்றால் எழுத்துருவைக் குறை சொல்லாதீர்கள். டைப் செட்டிங்கில் இந்திய மொழிகளுக்கான லேஅவுட்டை மாற்றினால் சரியாகிவிடும்.

பிறந்தநாள் பேனர், அங்கன்வாடிச் சுவர், ஜூஸ் கடை, பொம்மைக் கடை எல்லாவற்றுக்கும் தாராளமாகப் போடலாம். கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்கு ஒருவர் இதையே கேட்டார். முடியாது என்று சொல்லி வேறு எழுத்தில் அடித்துக் கொடுத்தேன். துக்க வீட்டில் இந்த எழுத்து சிரிக்கும்.

கூகுள் ஃபான்ட்ஸில் இலவசம். ஓப்பன் ஃபான்ட் உரிமம் என்பதால் வியாபாரத்துக்கும் தாராளமாகப் பயன்படுத்தலாம், திருட்டு சிடியில் வாங்கிய காலத்துப் பயம் இல்லை. அக்கா இப்போது மாவுப் பாக்கெட் கவருக்கும் இதே எழுத்தைக் கேட்டிருக்கிறார். அதற்கு செமி போல்டு போட்டிருக்கிறேன்.