கிட்டப்பா ரிக்கார்டுக்கு மறுபடி உயிர் கொடுத்த சிம்மக்கல் கடை

மதுரையைச் சுற்றி மேலூர், சோழவந்தான் பக்கமெல்லாம் பரண் மேல் பழைய கிராமபோன் ரிக்கார்டு கிடக்கிற வீடுகள் இன்னும் இருக்கின்றன. அந்த வீட்டுக்காரர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். சிம்மக்கல் பக்கம் ஒரு சந்துக்குள், போர்டு கூட இல்லாத ரேடியோ ரிப்பேர் கடை, ஒரு பெரியவரும் அவர் மகனும் நடத்துகிறார்கள். நிமிஷத்துக்கு 78 சுற்று சுற்றுகிற அந்தக் காலத்து அரக்குத் தட்டுகளை டிஜிட்டலாக்கித் தருகிறார்கள். நான் கொடுத்தது பழைய நாடக மேடைப் பாடகர் எஸ்.ஜி. கிட்டப்பா தட்டு இரண்டு, அவரோடு ஜோடியாக நடித்த கே.பி. சுந்தராம்பாள் தட்டு ஒன்று, எல்லாமே கொலம்பியா கம்பெனி வெளியிட்டவை.

முதலில் இந்தத் தட்டுகளை வேறு ஓர் ஊர் ஸ்டூடியோவில் கொடுத்து நொந்து போயிருந்தேன். கரகரப்பை எடுக்கிறேன் என்று மென்பொருளைப் போட்டுத் தேய்த்ததில் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருகிற மாதிரி ஆகிவிட்டது. கிட்டப்பாவை அப்படிக் கேட்பது பெரிய கொடுமை. மைக் இல்லாத காலத்து நாடகக் கொட்டகையில், கடைசி வரிசையில் மண் தரையில் உட்கார்ந்திருக்கிறவன் வரைக்கும் எட்டுகிற மாதிரி மேல் ஸ்தாயியில் எடுத்துப் பாடின குரல் அது. மேலே உள்ள அந்தக் கூர்மையை வெட்டிவிட்டால் அப்புறம் என்ன மிச்சம்?

இந்தக் கடையில் வேலை நடக்கிற முறையே வேறு. பெரியவர் முதலில் தட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார், விளிம்பில் விரலை ஓட்டி விரிசல் தேடினார். காய்ச்சி வடிகட்டிய தண்ணீரில் துளி சோப்பு விட்டு, நடு லேபிள் நனையாமல் மெல்லிய பிரஷ்ஷால் துடைத்தார். ஸ்பிரிட் போட்டுத் துடைக்கவே கூடாதாம், அரக்கு கரைந்துவிடும். முள்ளும் தனி. பின்னால் வந்த எல்.பி. தட்டுக்குப் போடுகிற முள்ளைப் போல இது ஏறக்குறைய மூன்று மடங்கு பருமன், மெல்லிய முள்ளைப் போட்டால் பள்ளத்தின் அடியில் தங்கியிருக்கிற அழுக்கில்தான் உரசிக்கொண்டு போகும்.

எனக்கு ரொம்பப் பிடித்தது அடுத்து நடந்ததுதான். அந்தக் காலத்துத் தட்டெல்லாம் மிகச் சரியாக 78 சுற்றில் பதிவானவை இல்லை. நாலரைச் சுற்று கூடினாலே குரல் அரைக் கட்டை ஏறிவிடும், ஆள் மாறிவிடுவார். பெரியவர் பக்கத்தில் ஒரு ஆர்மோனியத்தை வைத்துக்கொண்டு, தட்டில் பின்னால் கேட்கிற ஆர்மோனியத்தோடு ஒரு கட்டையை அழுத்திப் பிடித்தபடி வேகத்தை இம்மி இம்மியாக நகர்த்தினார். இரண்டும் உரசிக்கொண்டிருந்த சத்தம் அடங்கினதும் "இப்பப் போடுப்பா" என்றார் மகனிடம். அடுத்த நொடி கேட்டது சின்ன வயசுக்காரர் ஒருவரின் குரல். எங்கள் வீட்டு டேப்பில் இத்தனை வருஷம் கேட்ட கீச்சுக் குரலோடு ஒப்பிடவே முடியாது.

சின்ன வயசு என்று சும்மா சொல்லவில்லை. செங்கோட்டையில் 1906-இல் பிறந்தவர், சிறு பையனாகவே மேடை ஏறி, கன்னையா நாடகக் கம்பெனியில் பேர் வாங்கி, அப்புறம் சுந்தராம்பாளோடு ஜோடி சேர்ந்து ஸ்பெஷல் நாடகத்தில் (தனித்தனி நடிகர்களை அந்தந்த நாடகத்துக்கென்று வரவழைத்துப் போடுவது) தமிழ்நாட்டையே கட்டிப் போட்டவர். 1933 டிசம்பரில் போய்விட்டார், வயது 27. பேசும் பட மோகம் அப்போதுதான் தலையெடுத்திருந்தது, அதனால் நமக்கு மிஞ்சியது இந்தத் தட்டுகள்தான். பக்கத்துக்கு மூன்று நிமிஷம், கொஞ்சம் மேலே. கொட்டகையில் இஷ்டத்துக்கு நீட்டிப் பாடின விருத்தத்தை அந்த மூன்று நிமிஷத்துக்குள் மடக்கிப் பாடியிருக்கிறார், கடைசி வரியில் அவசரம் நன்றாகவே தெரிகிறது. அந்த அவசரம் கூட இப்போதுதான் என் காதில் விழுந்தது.

சுந்தராம்பாள் தட்டில் ஒரு விரிசல், சுற்றுக்கு ஒரு தடவை 'டக்' என்கிறது. அதை முழுசாக எடுக்க வேண்டாம், எடுத்தால் பக்கத்தில் இருக்கிற எழுத்தும் போய்விடும் என்று மகன் சொன்னார், சரி என்றேன். கிட்டப்பா போனபோது அந்த அம்மாவுக்கு 25 வயது. அதற்குப் பிறகு வெள்ளைச் சேலை, எந்த ஆணோடும் ஜோடியாக நடிப்பதில்லை என்ற உறுதி. 1935-இல் சினிமாவில் நந்தனாராக ஆண் வேஷம் கட்டி ஒரு லட்சம் சம்பளம் வாங்கினது எல்லாருக்கும் தெரியும். ஆனால் அந்தப் பேருக்கெல்லாம் முந்தைய, நாடக மேடைச் சுந்தராம்பாளைக் கேட்க வேண்டும் என்றால் தட்டுக்குத்தான் போக வேண்டும்.

குறையும் உண்டு. சொன்ன தேதிக்குக் கிடைக்காது, போன் எடுக்க மாட்டார்கள், நேரில் போய்த்தான் நிற்க வேண்டும். பில் கிடையாது. கேட்காவிட்டால் எம்.பி.3 மட்டும் தருவார்கள், சுருக்காத வேவ் கோப்பையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், அதற்குத் தனிக் காசு இல்லை. இரண்டு பக்கமும் சேர்த்துத் தட்டுக்கு 300 ரூபாய் வாங்கினார்கள், வேலைக்கு அது குறைவுதான். தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பைக்கில் வைத்துக் கொண்டுபோகாதீர்கள், நடுவில் அட்டை கொடுத்து நிமிர்த்தி நிற்க வைத்து ஆட்டோவில் போங்கள். மத்தியானம் கடை சாத்தியிருக்கும்.