ஏர் ஃபிரையர்: மேல் அலமாரியின் கீழா, திறந்த மேடையிலா?

ஆறு மாதத்துக்கு முன்னால் சமையலறை மேல் அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, அடிப்பலகையின் விளிம்பில் விரல் தட்டியது. வழவழவென்று இருந்த இடம் மேடும் பள்ளமுமாகப் புடைத்திருந்தது. விளிம்பில் ஒட்டியிருந்த பட்டை ஒரு விரல் நீளத்துக்குப் பிரிந்து, உள்ளே இருந்த மரத்தூள் பலகை பாலில் நனைந்த ரொட்டி மாதிரி உப்பியிருந்தது. நேர் கீழே, சூடான காற்றைச் சுழற்றிச் சமைக்கும் ஏர் ஃபிரையர். வாங்கி எட்டு மாதமாக அதே இடத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

அன்றைக்கே அதை அங்கிருந்து எடுத்துவிட்டேன். ஆனால் வேறு எங்கே வைப்பது என்று முடிவு செய்ய ஒரு மாதம் ஆனது. சமையலறையில் வைக்க முடிகிற எல்லா இடத்திலும் வைத்து ஓட்டிப் பார்த்தேன். கடைசியில் ஜன்னல் பக்கம், மேலே ஒன்றுமே இல்லாத திறந்த மேடையில் வைத்தேன். இப்போதும் அங்கேதான் இருக்கிறது. என் சாய்வு அந்தப் பக்கம்தான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அடுப்பின் மேல் வைப்பதைப் பற்றி அதிகம் பேச வேண்டாம். புகையை இழுக்கும் சிம்னி நேர் மேலே இருப்பதால் அது நல்ல இடமாகத் தோன்றும். ஆனால் அணைத்த அடுப்பிலும் சூடு மிச்சமிருக்கும். மின்சார அடுப்பாக இருந்தால் குமிழில் கை பட்டு அது நமக்குத் தெரியாமலே சூடேறிவிடலாம். அடிப்பாகம் பிளாஸ்டிக் உள்ள ஒரு கருவி உருகிக் கெட்டுப்போக அது போதும். வேண்டவே வேண்டாம். கதவுள்ள அலமாரிக்குள் வைத்து, கதவைத் திறந்துவிட்டு ஓட்டுவதும் அப்படித்தான். மூன்று பக்கமும் அடைப்பு. பின்னால் வெளியேறிய சூடான காற்றையே கருவி மறுபடி உள்ளே இழுக்கும். எடுத்து வைப்பதற்கு அலமாரி சரி, ஓட்டுவதற்கு இல்லை.

ஆக, உண்மையான போட்டி மேல் அலமாரியின் கீழே உள்ள மேடைக்கும் திறந்த மேடைக்கும்தான். சக்கரம் வைத்த டிராலி மூன்றாவதாக வருகிறது.

அலமாரியின் கீழே வைப்பதில் உள்ள வசதியைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். சுவரில் சாக்கெட் பக்கத்திலேயே இருக்கும். காய் நறுக்கும் இடத்தை அது தின்னாது. குழந்தைகளின் கைக்கு எட்டாமல் உள்ளே தள்ளி இருக்கும். இடைவெளிக் கணக்கும் எனக்குச் சரியாகவே இருந்தது. பெரும்பாலான கையேடுகள் பின்னாலும் பக்கங்களிலும் மேலேயும் 10 செ.மீ. அளவுக்கு விடச் சொல்கின்றன. என் மேடைக்கும் அலமாரிக்கும் நடுவே 50 செ.மீ., கருவியின் உயரம் 33 செ.மீ., அதனால் மேலே 17 செ.மீ. மிச்சம். பின்னாலும் நான்கு விரலுக்கு மேல் விட்டிருந்தேன். கருவி ஒரு நாளும் சூடேறி நின்றுபோகவில்லை. அதனால்தான் எட்டு மாதம் எனக்கு எந்தச் சந்தேகமும் வரவில்லை.

நான் யோசிக்காமல் விட்டது நீராவியை. கையேட்டில் சொல்லும் இடைவெளி முக்கியமாகக் கருவி மூச்சுவிடுவதற்கான இடம். மேலே இருக்கும் பலகையின் கதை வேறு. ஏர் ஃபிரையரில் சமைக்கும்போது மொறுமொறுப்பு வருவதே உணவிலிருந்து தண்ணீர் வெளியேறுவதால்தான். உருளைக்கிழங்கில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். ஒரு நாள் நீளமாக நறுக்கிய கிழங்கை 500 கிராம் எடை போட்டு உள்ளே வைத்தேன். வெளியே எடுத்தபோது 340 கிராம். மீதி 160 கிராமும் ஆவியாகி, கருவியின் பின்பக்கத் துளை வழியாக 20, 25 நிமிடத்தில் சமையலறைக்குள் போயிருக்கிறது. ஒரு சின்ன டம்ளர் தண்ணீரை எடுத்து, அலமாரியின் அடியில் ஒவ்வொரு தடவையும் தெளிப்பதாக நினைத்துப் பாருங்கள். வாரத்துக்கு நாலைந்து முறை, எட்டு மாதம்.

அது போகும் வழியையும் பார்த்தேன். மெல்லிய காகிதத்தை விரல் அகலத்துக்குக் கிழித்து, பின்பக்கத் துளைக்கு எதிரே சுவரில் ஒட்டிவிட்டு ஓட்டினேன். காகிதம் சுவரோடு ஒட்டி மேல்நோக்கிப் படபடத்தது. காற்று சுவரில் மோதி, அதைப் பிடித்தபடியே மேலே ஏறுகிறது. மேலே பலகை தடுத்ததும் முன்பக்கமாகத் திரும்பி, அடிப்பலகை முழுக்கத் தடவிக்கொண்டு விளிம்பில் வெளியே வருகிறது. அப்புறம் ஒரு சின்னக் கண்ணாடியை அலமாரியின் அடியில் பிடித்துப் பார்த்தேன். முதலில் பனி மூடியது, கொஞ்ச நேரத்தில் சொட்டுகளாகத் திரண்டது. விரலால் தொட்டால் வெறும் தண்ணீராக இல்லை, பிசுபிசுப்பாக இருந்தது. ஆவியோடு எண்ணெயும் கொஞ்சம் போகிறது. பலகையின் தட்டையான பகுதியில் மேல்பூச்சு இருப்பதால் அது தாக்குப்பிடிக்கும். விளிம்பில் பட்டை ஒட்டிய இணைப்புதான் பலவீனமான இடம். ஈரம் அதற்குள் இறங்கினால் மரத்தூள் பலகை உப்பும். உப்பினது பழைய அளவுக்குத் திரும்பாது.

“ஓட்டும்போது மட்டும் முன்னால் இழுத்துக்கொண்டால் போதாதா?” என்று தங்கை கேட்டாள். நியாயமான கேள்விதான், நானும் இரண்டு வாரம் அப்படிச் செய்தேன். மேடையின் அகலம் 60 செ.மீ. பின்பக்கத் துளை அலமாரியின் விளிம்பைத் தாண்டும் அளவுக்கு இழுத்தால், கருவி மேடையின் முன் விளிம்பில் வந்து நிற்கிறது. உணவு வைக்கும் கூடையை வெளியே இழுக்கும்போது கருவியும் சேர்ந்து நகர்கிறது. நாலைந்து கிலோ எடைதான், வழவழப்பான கல்லின் மேல் அதற்குப் பிடிப்பு போதாது. ஒயரோ விறைப்பாக இழுபட்டு நின்றது. இந்தக் கருவிகளுக்கு ஒயரைக் குட்டையாகத்தான் கொடுக்கிறார்கள். கால் தடுக்காமலும் மேடையிலிருந்து தொங்காமலும் இருப்பதற்காகவே அந்த அளவு. அதைவிட முக்கியம், அவசரமான நாளில் முன்னால் இழுக்க மறந்துபோகிறது. இரண்டு வாரத்தில் மூன்று முறை மறந்தேன். தினமும் நினைவு வைத்துச் செய்ய வேண்டிய ஒரு வேலையை நம்பிப் பாதுகாப்பை விடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

திறந்த மேடையில் இந்தத் தொல்லை இல்லை. பின்னால் 15 செ.மீ. விட்டிருக்கிறேன். சுவரில் ஓடு பதித்திருப்பதால் வாரம் ஒரு முறை சோப்புத் தண்ணீரில் துடைத்தால் எண்ணெய்ப் பிசுக்கு போய்விடுகிறது. ஆவி மேலே ஏறி ஜன்னல் வழியே போகிறது. அதே கண்ணாடியை, முன்பு அலமாரி இருந்த உயரத்தில் பிடித்துப் பார்த்தேன். லேசாக மங்கியதோடு சரி, சொட்டு இல்லை. ஜன்னல் திரையை மட்டும் கழற்றிவிட்டேன். காற்றடித்தால் அது நேராகப் பின்பக்கத் துளையில் போய் ஒட்டும்.

இதற்காக விட்டுக்கொடுத்ததும் உண்டு. வெளிச்சம் நன்றாக விழும் அந்த மூலைதான் நான் காய் நறுக்கும் இடமாக இருந்தது. அது போய்விட்டது. அந்தப் பக்கம் சாக்கெட்டும் கிடையாது. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் போட்டுச் சமாளிக்கலாம் என்று ஆசை வந்தது, ஆனால் செய்யவில்லை. 1500 வாட் கருவி, 230 வோல்ட்டில் ஆறரை ஆம்பியர் இழுக்கும். அதுவும் சமைத்து முடியும்வரை. மெல்லிய ஒயரும் தளர்ந்த சாக்கெட்டும் அந்த நேரத்துக்குள் நன்றாகச் சூடேறிவிடும். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, இந்தச் சுமையைத் தாங்கும் தனி சாக்கெட்டை அங்கேயே வைக்கச் சொன்னேன். ஓட்டி முடித்ததும் பிளக்கைத் தொட்டுப் பார்ப்பது இப்போது பழக்கமாகிவிட்டது. வெதுவெதுப்பாக இருந்தால் பரவாயில்லை. கை வைக்க முடியாத சூடு என்றால் அந்த சாக்கெட்டை மாற்றும்வரை கருவியை ஓட்டக் கூடாது.

இன்னொரு விஷயம், கூடை இறங்கும் இடம். கருவிக்கு இடம் பார்க்கும்போது இதை எல்லோரும் மறந்துவிடுகிறோம். 200 டிகிரியில் இருந்த கூடையைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே வைப்பது என்று தேடும் நிலை வரக் கூடாது. பக்கத்திலேயே ஒரு மரப்பலகை அல்லது கம்பி ஸ்டாண்ட் நிரந்தரமாக இருக்கட்டும். செயற்கை குவார்ட்ஸ் மேடை என்றால் இது கட்டாயம். அதில் கல்தூளைப் பிணைத்திருப்பது பிசின்தான், சூடு பட்டால் நிறம் மாறிக் கறை நின்றுவிடும். கருங்கல் அதைவிடத் தாங்கும். ஆனாலும் நான் அதன் மேல் நேராக வைப்பதில்லை. கருவியின் தலைமேல் தட்டு, துணி, ரொட்டிப் பொட்டலம் எதையும் வைக்கக் கூடாது. பல மாடல்களில் காற்று உள்ளே போகும் வழி அங்கேதான் இருக்கிறது.

டிராலியை நான் பத்து நாள்தான் வைத்துப் பார்த்தேன், அதனால் அழுத்தமாகச் சொல்ல மாட்டேன். சுவரிலிருந்து எவ்வளவு வேண்டுமானாலும் தள்ளி நிறுத்தலாம் என்பது பெரிய நன்மை. மேடையே இல்லாத சிறிய சமையலறைக்கு அது நல்ல வழியாகவும் இருக்கலாம். எனக்கு இடித்தது உயரம். கூடை என் ஐந்து வயது மகளின் முகத்துக்கு நேராக வந்தது. ஒயரும் நடக்கிற வழியில் குறுக்கே கிடந்தது. சக்கரத்துக்குப் பூட்டு இருந்தும் கூடையை இழுக்கும்போது டிராலி லேசாக ஆடியது. குழந்தைகள் இல்லாத வீட்டில், கனமான டிராலியோடு, இந்தக் கணக்கு மாறலாம்.

முன்கதவு திறக்கும் அடுப்பு மாதிரியான பெரிய ஏர் ஃபிரையர் வைத்திருப்பவர்கள் என் அளவுகளை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். அவற்றில் சிலவற்றுக்குக் காற்று பக்கவாட்டில் வெளியேறும். காகிதத் துண்டைச் சுற்றிலும் பிடித்துப் பார்த்தால் எந்தப் பக்கம் என்று ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

அலமாரியின் கீழே தவிர வேறு இடமே இல்லை என்பவர்கள், விளிம்பு முழுக்க அலுமினியப் பட்டை ஒட்டி, ஓட்டி முடித்ததும் அடிப்பலகையைக் காய்ந்த துணியால் துடைத்துவிடுங்கள். நான் அந்த மூலையில் இப்போது அரிசி டப்பாக்களை அடுக்கியிருக்கிறேன். உப்பின விளிம்பை உப்புத்தாளால் தேய்த்துச் சமப்படுத்திப் புதுப் பட்டை ஒட்டினேன். ஆறு மாதமாகிறது, இன்னும் பிரியவில்லை.